அம்மாவின் நம்பர் – 11. ஒரே ஒரு தடவை

பௌர்ணமியன்று காலை எட்டு மணிக்கு வேங்கிக்காலில் அம்மாவின் வீட்டுக்குள் நுழைந்ததும் அறிவுமதியின் கண்ணில் முதலில் பட்டது, கூடத்தில் வாய் திறந்து கிடந்த பயணப் பெட்டி அல்ல. சாப்பாட்டு மேசைமேல் அடுத்தடுத்து வைத்திருந்த இரண்டு போன்கள்.

ஒன்று, அவள் வாங்கிக் கொடுத்தது. மூலையில் கீறல், முதுகில் மஞ்சள் கறை. மற்றது, போன வாரம் தங்கை கீர்த்தனா சிங்கப்பூரிலிருந்து ஆள் மூலம் கொடுத்தனுப்பியது. முகப்பில் ஒட்டி வந்த மெல்லிய தாளைக்கூட அம்மா இன்னும் உரிக்கவில்லை.

அந்தத் தாள்தான் அறிவுமதியை உறுத்தியது. அவள் கொடுத்த போனை அம்மா அன்றைக்கே ஊறுகாய்க் கையோடு எடுத்துப் பேசினாள். தங்கை கொடுத்ததற்கு மட்டும் இத்தனை பவிசு.

ஜோதியம்மாள் நாளை இரவு சென்னையில் விமானம் ஏறுகிறாள். கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு பிரிவில் முப்பத்தோரு வருஷம் ஃபைல் கட்டி ஓய்வு பெற்றவள், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடல் தாண்டுகிறாள். கீர்த்தனாவுக்குத் தலைப்பிரசவம். அம்மா தொண்ணூறு நாள் அங்கே இருக்கப் போகிறாள்.

விசா வந்த தினத்திலிருந்தே அறிவுமதியின் மனசு ஒரே ஒரு எண்ணைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பதினொன்று.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்குத் தலைப்பிரசவம், வளைகாப்புக்கு நாள் குறிக்கும் முன்பே, எட்டாம் மாதத்தில், புகுந்த வீடு இருந்த போளூரிலேயே நடந்துவிட்டது. அம்மா ஓடி வந்தாள். பதினொரு நாள் இருந்தாள். மறுநாள் விடிகாலையில், "ஆபீஸ்ல லீவு இல்லடி" என்று சொல்லிவிட்டுப் பையோடு பஸ் ஏறிவிட்டாள்.

"இன்னாடி, வந்ததும் வராததுமா போனையே மொறைச்சுப் பாக்கற?" அடுக்களையிலிருந்து வந்த ஜோதியம்மாள், பருப்புப்பொடி பொட்டலத்தைப் பெட்டிக்குள் செருகினாள்.

"நான் சொன்னத யோசிச்சியாம்மா? உன் சிம்முக்கே ரோமிங் போட்டுடறேன். இதே போன், இதே நம்பர். அங்க போயி எறங்கினதும் ஆன் பண்ணா போதும்."

"கீர்த்தி இ-சிம் அனுப்பறாளாம். சிம்மே வேணாமாம். கட்டம் கட்டமா ஒரு படம் வருமாம், அத போன்ல காட்டினா போதுமாம்."

"தொட்டுப் பாக்க முடியாத சிம்ம நம்பி அவ்ளோ தூரம் போறியா நீ?"

"கரண்டக்கூடத்தான் தொட்டுப் பாக்க முடியாது. தொட்டுத்தான் பாரேன்."

அறிவுமதிக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டாள். இன்றைக்குச் சிரிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் வீட்டிலிருந்தே கிளம்பியிருந்தாள்.

"சரி, பென்ஷன் மெசேஜ்? பேங்க் ஓடிபி? அதெல்லாம் இந்த நம்பருக்குத்தான வரும்?"

"அதான் ரெண்டும் இருக்குமாமே. பழைய சிம்மு புதுப் போனுக்குள்ள, ஓடிபிக்கு. படத்துல வர்றது நெட்டுக்கு, வாட்ஸப்புல பேசறதுக்கு. கீர்த்தி எல்லாம் யோசிச்சுத்தான் பண்ணியிருக்கா."

அம்மா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அறிவுமதியின் காதில் விழுந்தது வேறு. கீர்த்தி எல்லாம் யோசிப்பவள். அப்படியானால் எட்டு வருஷமாக அம்மாவின் சிம்மைத் தன் பெயரில் எடுத்து, மாதம் தவறாமல் ரீசார்ஜ் போட்டு, தினமும் காலை பதினொன்றுக்குக் கூப்பிட்டு, "மாத்திரை போட்டியா" என்று கேட்டவள்?

"கடைக்குப் போறேன்" என்று வெளியே வந்தாள்.

வாசலில் ஸ்கூட்டரை எடுக்கும்போது அவளுடைய போனுக்கு இரண்டு வந்தன. ஒன்று, கட்டம் கட்டமாக ஒரு படம். மற்றது கீர்த்தனாவின் குரல், மூன்று நிமிஷம் பன்னிரண்டு நொடி.

"அக்கா, இ-சிம் படம் அனுப்பியிருக்கேன், கலர்ல ஒரு பிரிண்ட் எடுத்துட்டு அம்மா போன்ல போட்டுக் குடுத்துடு. வளவன் ஆபீஸ்ல லீவு கேட்டிருக்காரு..." என்று கணவனில் தொடங்கி, மருத்துவமனை, மசக்கை, பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். பிறகு குரல் கொஞ்சம் தணிந்தது. "அம்மா இங்க வந்தப்புறம்தான்கா எனக்கு அம்மான்னா இன்னான்னே தெரியப்போவுது. நீ பக்கத்துலயே இருந்து நல்லா அனுபவிச்சுட்ட."

அறிவுமதி அந்த இடத்தில் நிறுத்தினாள். பாதிகூடத் தாண்டவில்லை.

அனுபவித்துவிட்டாளாம்.

அப்படியே நின்ற நிலையில், கடையில் இருந்த கணவன் செழியனுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினாள். "பதினோரே நாளு. பச்சை உடம்புக்காரிய பதினோரே நாள்ல உட்டுட்டு, ஆபீஸுதான் பெருசுன்னு போன பொம்பளை. இப்ப தொண்ணூறு நாளு போறா, புதுப் போனு, புது சிம்மு. போகட்டும். அங்கயே இருக்கட்டும். எனக்கு அம்மா இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா."

செழியனிடமிருந்து பதில் வந்தது. அத உடு அறிவு.

அந்தப் பதினொரு நாள் பேச்சை எடுத்தாலே அவன் எப்போதும் சொல்வது இந்த மூன்று வார்த்தைதான்.

*

அவர்களுடைய செல்போன் கடை செங்கம் ரோட்டில் இருந்தது. ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு காலத்தில் விமானத்திலிருந்து இறங்கி, காரிலிருந்து இறங்கி, நேராக இவள் கடைப் படியேறுவார்கள். பாஸ்போர்ட் நகல், விசா நகல், போட்டோ, கையெழுத்து. ஒவ்வொன்றையும் அறிவுமதி வரிசையாகச் செய்வாள். சிம் உயிர் பெற்றதும் அதை முதலில் தன் போனில் போடுவாள். அங்கிருந்து செழியன் போனுக்கு ஒரு கால் அடிப்பாள். மணி அடித்தால்தான் சிம் அவர்கள் கைக்குப் போகும். போட்டுப் பார்க்காமல் ஒரு சிம்கூட அந்தக் கடையை விட்டு வெளியே போனதில்லை. ஊரிலே அவளுக்கு அதில் ஒரு பெயர் உண்டு.

இப்போது அவர்கள் வரும்போதே இ-சிம்மோடு வருகிறார்கள். சார்ஜர் முனையும் போன் உறையும் மட்டும்தான் கேட்கிறார்கள். ஊரார் விஷயத்தில் அது போனால் போகிறது என்றிருந்தாள். இப்போது அதே சங்கதி அம்மாவையும் அல்லவா தூக்கிக்கொண்டு போகிறது?

பத்தே முக்காலுக்குப் படத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்தாள். தாள் சூடாக வெளியே வந்தது. செழியன் வாசலில் கிரிவலக் கூட்டத்துக்காக பவர் பேங்குகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

தாளைக் கவுண்டரில் வைத்தாள். தன் போனை எடுத்தாள். கேமராவைத் தாளுக்கு நேரே காட்டினாள். சேர்க்கவா என்று போன் கேட்டது. சேர் என்று அழுத்தினாள். தொடரவா என்றது. தொடர் என்று அழுத்தினாள்.

சேர்ந்துவிட்டது.

இரண்டே தொடுகை. கை தன் பாட்டுக்குச் செய்த வேலை. கடை வழக்கம். அப்படித்தான் அவள் பிறகு தனக்குத்தானே பல தடவை சொல்லிக்கொண்டாள். ஆனால் கடைசித் தொடுகையின்போது மனசு ஒரு ஓரத்தில், "இருக்கட்டுமே, ஒரு நிமிஷமாவது என் போன்ல இருக்கட்டுமே" என்று முனகியதையும் அவளால் மறுக்க முடியவில்லை.

சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் அதை நீக்கிவிட்டு அம்மா போனில் போடலாம் என்று பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனாள். நீக்கினால் மீண்டும் பெற முடியாமல் போகலாம் என்று போன் எச்சரித்தது. விரல் நின்றது.

பக்கத்துக் கடையில் போன் ரிப்பேர் பார்க்கும் நசீர் அகமதுவிடம் ஓடினாள்.

"பாய், இத என் போன்லேர்ந்து எடுத்து அம்மா போன்ல போடணும்."

நசீர் உருப்பெருக்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். தாளைப் பார்த்தார், போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இன்னாக்கா நீங்க, ஊருக்கெல்லாம் சிம்மு குடுக்கறவங்க. இது ஒரே ஒரு தடவதான் ஏறும். ஏறின எடத்துலதான் இருக்கும்."

"எடுத்துட்டு மறுபடியும் ஸ்கேன் பண்ணா?"

"எடுத்தா போச்சு. வித்தவங்களுக்கு மெயில் போடணும், அவங்க வேற குடுப்பாங்க. ரெண்டு மூணு நாள் ஆவும். அதுவும் யாரு வாங்கினாங்களோ அவங்கதான் கேக்கணும். அம்மா என்னிக்குப் போறாங்க?"

"நாளைக்கு."

நசீர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "போட்டுப் பாக்கற பழக்கம் நல்ல பழக்கம்தான்கா. இதுக்கு மட்டும் அது ஆவாது."

கடைக்குத் திரும்பியதும் கீர்த்தனாவின் குரலில் மீதியைக் கேட்டாள். நிறுத்திய இடத்திலிருந்து இருபதாவது நொடியிலேயே அது வந்தது. "அக்கா, முக்கியமா ஒண்ணு. இது ஒரே ஒரு தடவதான் ஸ்கேன் ஆவும். அம்மா போன்ல மட்டும் காட்டு. உன் கை சும்மா இருக்காது, போட்டுப் பாப்ப. போட்டுப் பாக்காத, சரியா?" என்று சொல்லிவிட்டுத் தங்கை சிரித்தாள்.

*

மதியம் பன்னிரண்டரைக்குள் கிளம்பாவிட்டால் செங்கம் ரோட்டில் தடுப்பு போட்டுவிடுவார்கள். சந்து சந்தாகப் புகுந்து வேங்கிக்கால் போய்ச் சேர்வதற்குள் அறிவுமதி ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

உள்ளே போனதும் சொன்னாள். "அம்மா, அந்த இ-சிம் வேல செய்யல."

"இன்னாச்சு?"

"ஏறல. எத்தினி தடவ காட்னாலும் ஏறல. அதான் அப்பவே சொன்னேனே. நம்ம சிம்முக்கே ரோமிங் போட்டுடறேன்."

ஜோதியம்மாள் கிரிவலத்துக்குத் தயாராக, புடவையை உயர்த்திக் கட்டிக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு எதிர்வீட்டுச் சரோஜாவோடு நடக்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். மகளை ஒரு கணம் பார்த்தாள்.

"சரி. உன் வழியே போடு."

அவ்வளவுதான். அம்மா மறுத்துப் பேசவில்லை. பழைய போன் அறிவுமதியின் கைக்கு வந்தது. கீறல் விழுந்த அந்த மூலை உள்ளங்கையில் பதிந்தபோது, பல நாளாக இல்லாத ஒரு குளிர்ச்சி அவள் நெஞ்சில் இறங்கியது. என் போன். என் சிம். தொண்ணூறு நாளும் என் நம்பர்.

அந்தக் குளிர்ச்சி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. கையில் இருந்த போனே மணி அடித்தது. வீடியோவில் கீர்த்தனா. கூட்டத்தால் நெட் திணறியது. படம் உறைந்து நின்று, குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது.

"அம்மா... மெயில் வந்துச்சும்மா... இ-சிம் ஏறிடுச்சுன்னு... காலைல பத்தே முக்காலுக்கே... அக்காகிட்ட சொல்லு, தேங்க்ஸ்னு..."

இணைப்பு அறுந்தது.

ஜோதியம்மாள் புடவைக் கொசுவத்தைச் செருகி முடித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முப்பத்தோரு வருஷம் ரெக்கார்டு பிரிவில் இருந்தவளின் குரல் அப்போது வந்தது.

"எங்க ஆபீஸ்ல காணாமப் போன ஃபைலுன்னு ஒண்ணு கெடயாது. வேற பீரோவுல இருக்கும். இப்ப சொல்லு, எந்த பீரோவுல இருக்குது?"

அறிவுமதி தன் போனைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

"வேணும்னு பண்ணல."

"பண்ணேன்னு நான் சொன்னனா?"

"கடையில எல்லாத்தயும் போட்டுப் பாப்பேன்ல. கை பழக்கம்."

"அது சரி. ஏறலைன்னு சொன்னது எந்தப் பழக்கம்?"

அறிவுமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழக் கூடாது என்பதற்காகப் பக்கத்து மாடியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

அம்மா திட்டவில்லை. மூன்று போன்களையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள்.

"என் சிம்ம எடுத்து இதுல போடு" என்று அறிவுமதியின் போனைத் தொட்டாள். "அவ வாங்கின சிம்மு இதுலதான ஏறிக்குது? அப்ப நான் இத எடுத்துட்டுப் போறேன். உன் சிம்ம அவ குடுத்த போன்ல போட்டு நீ வெச்சுக்க."

"அய்யோ, வேணாம்மா."

"ஏன் வேணாம்?"

"கீர்த்தி இன்னா நெனைப்பா? புதுப் போன் மேல ஆசப்பட்டு, வேணும்னே பண்ணி அக்கா புடுங்கிக்கிட்டான்னுதான நெனைப்பா?"

"நெனைக்கலாம்."

"நீ சொல்லும்மா அவகிட்ட. கை தவறிடுச்சுன்னு."

"நான் ஏன் சொல்லணும்? நாளைக்குக் காலைல கார் வர்றதுக்குள்ள நீயே சொல்லு. கைன்னு சொல்லுவியோ, மனசுன்னு சொல்லுவியோ, உன் இஷ்டம்."

ஜோதியம்மாள் புதுப் போனை எடுத்தாள். முகப்பில் இருந்த மெல்லிய தாளின் மூலையில் நகத்தைக் கொடுத்து, ஒரே இழுப்பில் உரித்தாள். மகள் கையில் கொடுத்தாள்.

சிம் தட்டைத் திறக்கும் ஊசி அறிவுமதியின் கைப்பையில் எப்போதும் இருக்கும். முதலில் தன் சிம்மை எடுத்துப் புதுப் போனில் போட்டாள். அடுத்து அம்மாவின் சிம்மைத் தன் போனில் போட்டாள்.  

புதுப் போனில் தன் வாட்ஸப்பை ஏற்ற முயன்றாள். ஓடிபி வரவில்லை. ஊரில் லட்சக் கணக்கில் கூட்டம், டவர் திணறிக்கொண்டிருந்தது.

"என் வாட்ஸப் இதுல ஏறினாத்தான் என் போன்லேர்ந்து போவும். அப்புறம்தான் உன்னோடத அதுல போடணும். நீ போன வெச்சுட்டுப் போ, சாயந்திரம் பாத்துக்கலாம்."

"அவ்ளோ கூட்டத்துல போனு இல்லாம போறதா? சரோஜா தொலைஞ்சு போனா நான் எப்டி தேடறது? குடு, கைல இருக்கட்டும்" என்று ஜோதியம்மாள் வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

*

கிரிவலப் பாதை கடை வாசல் வழியாகத்தான் போகிறது. நாலு மணிக்கு, வெறுங்காலோடு நகர்ந்துகொண்டிருந்த கூட்டத்துக்குள்ளிருந்து அம்மாவின் கை உயர்ந்து ஆடியது. அறிவுமதியும் கையை ஆட்டினாள். சரோஜா ஏதோ சொல்ல அம்மா சிரித்தாள். அடுத்த நொடி கூட்டம் இருவரையும் விழுங்கிவிட்டது.

வியாபாரத்தில் மனசு ஓடவில்லை. கீர்த்தனாவிடம் என்ன சொல்வது என்று உள்ளுக்குள் எழுதி எழுதி அழித்தாள். கை தவறிவிட்டது என்று தொடங்கினாள், பிடிக்கவில்லை. நீ அனுபவித்துவிட்டாய் என்றாயே, பதினொரு நாளைத்தான் அனுபவித்தேன் என்று தொடங்கினாள், அதுவும் பிடிக்கவில்லை.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. தங்கையும் தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாளோ? பக்கத்திலேயே இருந்தவள் என்று?

ஐந்தரை ஆனது. புதுப் போனில் ஓடிபிக்காக ஆறாவது தடவை அழுத்தினாள். வரவில்லை.

செழியன் ஒருவருக்குச் சார்ஜர் கொடுத்துவிட்டுத் தன் போனைப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான்.

"வாட்ஸப் ஏறிடுச்சா அறிவு?"

"எங்க? ஓடிபியே வரல."

"ஆன்லைன்ல இருக்கறியே."

"நானா?"

"உன் பேருக்குக் கீழ ஆன்லைன்னு காட்டுது பாரு."

அறிவுமதி எட்டிப் பார்த்தாள். அவளுடைய வாட்ஸப் இன்னும் அவளுடைய சொந்தப் போனில்தான் இருக்கிறது. அந்தப் போன் அம்மாவின் கையில் இருக்கிறது. அதில் முதலாவதாக நிற்பது செழியனோடு பேசிய பக்கம். அந்தப் பக்கத்தில் செழியனின் பதிலுக்கு மேலே நிற்பது காலையில் அவள் அனுப்பிய குரல்.

எனக்கு அம்மா இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா.

"ஐயோ, ஏங்க, அம்மா அத கேட்டுட்டா..."

அவள் சொல்லி முடிக்கும் முன் செழியனின் போன் அதிர்ந்தது. அறிவு என்ற பெயரிலிருந்து ஒரு செய்தி. எழுத்து எழுத்தாகத் தட்டி, ஆபீஸ் கடிதம்போல் கீழே பெயரும் போட்டிருந்தது.

'மாப்பிள்ளை அவர்களுக்கு. பன்னிரண்டாம் நாள் காலை நான் போளூரை விட்டு ஏன் கிளம்பினேன் என்பதை இன்றுவரை அவளிடம் தாங்கள் சொல்லவில்லையா? – ஜோதியம்மாள்.'

அறிவுமதி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

"லீவு இல்லன்னுதான போனா?"

 வாசலில் ஒருவர் பவர் பேங்க் கேட்டுக்கொண்டு நின்றார். பௌர்ணமியன்று ராத்திரி இரண்டு மணிவரை கடையைத் திறந்தே வைத்திருக்கும் செழியன், அவரைத் தாண்டிப் போய் ஷட்டரைப் பாதி இறக்கினான்.

"அப்டி உக்காரு அறிவு" என்றான்.